நீர்முறையும் நம் நிலையும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழாவில் காவிரியைப் பற்றிச் சில சொற்கள் பேச வேண்டுமெனச் செயற்குழுவினர் பணித்தனர். நாம் சட்டம் பயின்றவர் அல்லோம். அணை கட்டும் கலை அறிந்தவரும் அல்லோம். பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை நிறுத்தி, இருப்புப்பாதை அலுவலகத்தில் சரக்குக் கணக்கு எழுதிக் காலம் கழிப்பவர். ஆயினும் இப்பணியை மறுக்காமல் ஏற்றுக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. மழை பொய்க்கும் ஆண்டுகளில் இம்மைசூரில் வாழும் நம் பிள்ளைகளைப் பார்த்துப் பள்ளியிலும் தெருவிலும் ஒரு வினா எழுப்பப்படுகின்றது. "நீங்கள் எந்தப் பக்கம்?" என்பதே அவ்வினா. பிள்ளைகள் அதனை வீட்டிற்குக் கொண்டுவந்து நம்மிடம் கேட்கின்றனர். நாமோ பெரும்பாலும், "அந்தப் பேச்சு வேண்டாம், உள்ளே வா" என்று சொல்லி முடித்துவிடுகின்றோம். அது விடை ஆகாது. நேர்மையான விடை ஒன்று உண்டா என்று இன்று எண்ணிப் பார்ப்போம்.

முதலில் ஒரு சிற்றூரை எடுத்துக்கொள்வோம். ஓர் ஏரி, அதற்கு ஒரு மதகு, மதகிலிருந்து ஒரு வாய்க்கால், வாய்க்காலின் இருபுறமும் நூறு குடிகளின் வயல்கள். ஏரி நிரம்பி வழியும் ஆண்டில் அவ்வூரில் தண்ணீர்ச் சண்டை இல்லை. ஏரி பாதி நிரம்பிய ஆண்டிலேதான், நள்ளிரவில் ஒருவன் மண்வெட்டியோடு புறப்பட்டுப் போய், அண்டை வயலின் மடையை அடைத்துத் தன் வயலுக்கு நீரைத் திருப்புகின்றான். விடியுமுன் மற்றவன் வந்து பார்க்கின்றான். சொல் தடிக்கின்றது, மண்வெட்டியே படைக்கலம் ஆகிவிடுகின்றது. மறுநாள் ஒரு வீட்டில் சாவு. மற்றொரு வீட்டில் சிறைவாசம். இரு வீட்டார் பயிரும் காய்கின்றன. தமிழ்நாட்டிலும் சரி, கன்னட நாட்டிலும் சரி, சிற்றூர்களில் இத்தகைய துயரம் புதியதன்று.

இதனைத் தடுக்க நம் முன்னோர் கண்ட வழி முறைப்பாசனம். இன்னார் வயலுக்கு இத்தனை நாழிகை, அடுத்தவர்க்கு இத்தனை நாழிகை என வரையறுத்து, மதகைத் திறக்கவும் அடைக்கவும் ஓர் ஆளை அமர்த்தினர். அவரை நீர்க்கட்டி என்றும், சில வட்டாரங்களில் கம்புகட்டி என்றும் அழைப்பர். பல ஊர்களில் அவர் ஒடுக்கப்பட்ட குடியைச் சேர்ந்தவர். அறுவடைக் காலத்தில் எல்லாக் குடிகளும் அவருக்குக் களத்திலேயே நெல் அளந்தனர். எல்லாரும் கூலி கொடுத்தமையால் அவர் எவர்க்கும் தனி ஆள் ஆகவில்லை. அவர் சொன்ன முறையை ஊர்ப் பெருந்தனக்காரரும் கேட்க வேண்டியிருந்தது. இப்பணியைச் செய்பவர்க்குக் கன்னட நாட்டில் நீருகண்டி என்று பெயர். நாம் தூம்பு என்பதை அவர்கள் தூபு என்பர். நாம் கால்வாய் என்பதை அவர்கள் காலுவெ என்பர். அணைக்கட்டு அவர்களுக்கு அணெகட்டு. பெயர்களே இவ்வாறு ஒத்திருத்தலால், இரு நாட்டு உழவரும் ஒரே தொழிலை ஒரே வகையில் செய்து வந்தனர் என்பது விளங்கும்.

காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்டன. ஏரியைக் கவனிக்கத் தனியே ஏரி வாரியம் ஒன்று ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்பட்ட செய்தியை அவை கூறுகின்றன. இலங்கையின் வறண்ட பகுதியிலுள்ள சிங்களச் சிற்றூர்களில் பெத்ம என்றொரு வழக்கம் உண்டு. குளத்தில் நீர் குறைந்த ஆண்டில் எல்லா வயல்களையும் பயிரிடாமல், குளத்தை ஒட்டிய வயல்களை மட்டும் பயிரிடுவர். அவ்வயல்களைக் கடைமடை உழவர்க்கும் அவ்வாண்டுக்கு மட்டும் பங்கிட்டுக் கொடுப்பர். தலைமடைக்காரன் தன் நிலத்தில் ஒரு பகுதியைப் பிறனுக்கு விடுகின்றான். எவனும் முழுதாக அழிவதில்லை.

இவற்றிலிருந்து நாம் அறிய வேண்டியது ஒன்று. நீர் குறைந்த காலத்தில் சண்டை மூளாமல் இருக்க மூன்று வேண்டும். நீரை அளக்க வேண்டும். அளப்பவரை இரு தரப்பும் நம்ப வேண்டும். குறை நேர்ந்தால் அதனை எப்படிப் பங்கிடுவது என்பதை நீர் நிறைந்த காலத்திலேயே முடிவு செய்திருக்க வேண்டும். இம்மூன்றும் உள்ள ஊரில் மண்வெட்டி மண்ணை மட்டுமே வெட்டும். இவ்வளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, இனிக் காவிரியின் வரலாற்றைப் பார்ப்போம்.

காவிரி குடகு மலையில் தலைக்காவிரியில் தோன்றி, ஏறக்குறைய 800 கிலோமீட்டர் ஓடிப் பூம்புகார்க் கடலில் கலக்கின்றது. கல்லணை கரிகாலன் பெயரோடு விளங்குகின்றது. மைசூர் மன்னர்களும் ஆற்றில் சிறு அணைகள் கட்டிக் கால்வாய்கள் வெட்டினர். சீரங்கப்பட்டணத்துப் பக்கத்தில் சிக்கதேவராஜ சாகரக் கால்வாய் இன்றும் வயல்களுக்கு நீர் தருகின்றது. அதற்குப் பெயர் தந்த சிக்கதேவராஜ உடையார் 1673 முதல் 1704 வரை ஆண்டவர். அவர் காவிரியின் குறுக்கே பேரணை ஒன்று எழுப்பித் திருச்சிக்கும் தஞ்சைக்கும் நீர் வராமல் செய்தார் என்றும், மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாளும் தஞ்சை மராட்டிய மன்னர் சாகசியும் பகைமை மறந்து ஒன்றுகூடிப் படைதிரட்டினர் என்றும், படை புறப்படுமுன் பெருமழை பெய்து வெள்ளம் அவ்வணையை உடைத்துச் சென்றது என்றும் அக்காலத்து ஏசு சபைப் பாதிரிமார் எழுதிய கடிதங்கள் கூறுகின்றன. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இவ்வாற்றுக்காகப் போர் மூளும் நிலை இருந்தது. மழை பெய்ததனால் அன்று அது தவிர்ந்தது. ஆயினும் மழையையே நம்பி அமைதி காக்க இயலுமா?

ஆங்கிலேயர் ஆட்சியில் இவ்வழக்கு படைக்கலத்தை விட்டு ஏட்டிற்கு வந்தது. 1892ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் மைசூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. குறிப்பிட்ட ஆறுகளில் சென்னையின் முன் இசைவு பெறாமல் மைசூர் புதிய நீர்த்தேக்கங்கள் கட்டக்கூடாது; சென்னையும், தன் உழவர்கள் முன்னரே பெற்று அனுபவித்துவரும் உரிமையைக் காப்பதற்கு அன்றி, இசைவை மறுக்கக்கூடாது என்பது அதன் சாரம். தஞ்சை உழவனுக்கு இது காப்பு. பல நூற்றாண்டாக அவன் வயலில் பாய்ந்த நீர் அது. மைசூர் உழவனுக்கோ இது விலங்காகத் தோன்றிற்று. மைசூர் 1831 முதல் 1881 வரை ஆங்கில ஆணையர்களின் ஆட்சியில் இருந்து, மன்னரிடம் மீண்டு வந்து பதினோர் ஆண்டே ஆகியிருந்தது. சென்னை மாகாணம் ஆங்கில அரசின் நேரடி உடைமை. "யானைக்கும் ஆட்டுக்குமா உடன்படிக்கை?" என்பது கன்னட மக்களின் குறை. இக்குறையை நாம் அறிந்திருத்தல் வேண்டும். அதனை அறியாமல் நம் நியாயத்தை மட்டும் பேசினால் அண்டை வீட்டார் காதில் அது ஏறாது.

பின்னர் மைசூர் கண்ணம்பாடியில் பேரணை கட்ட விரும்பிற்று. அக்காலத்தில் தலைமைப் பொறியாளராக இருந்து பின்னர்த் திவானாகிய விசுவேசுவரையாவின் பெருமுயற்சி அது. சென்னையும் மேட்டூரில் அணை கட்ட எண்ணியிருந்தது. பூசல் மூண்டது. 1914ஆம் ஆண்டில் நடுவர் கிரிபின் தீர்ப்பளித்தார். சென்னை அதனை ஏற்காமல் மேல்முறையீடு செய்தது. கடைசியாக 1924ஆம் ஆண்டு, மீண்டும் அதே பிப்ரவரி 18ஆம் நாளில், இரண்டாவது உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. கண்ணம்பாடி அணையின்கீழ் மைசூர் 1,25,000 ஏக்கரும், மேட்டூர் அணையின்கீழ்ச் சென்னை 3,01,000 ஏக்கரும் புதிதாகப் பாசனம் செய்யலாம் என்று அது வரையறுத்தது. சில பகுதிகளை ஐம்பது ஆண்டு கழித்து மறு ஆய்வு செய்யலாம் என்றும் கூறிற்று. கிருஷ்ணராஜ சாகரம் 1930களின் தொடக்கத்திலும், மேட்டூர் அணை 1934ஆம் ஆண்டிலும் முடிந்தன.

இரண்டு அணைகளுக்கும் இருநாட்டுச் சிற்றூர் மக்களும் விலை கொடுத்தனர். கண்ணம்பாடியில் பழைய ஊரும் அதன் வேணுகோபாலசுவாமி கோயிலும் நீரில் மூழ்கின. மேட்டூரிலும் ஊர்கள் மூழ்கின. இன்றும் நீர்மட்டம் தாழும்போது பண்ணவாடியில் பழைய கோயிலின் நந்தி வெளியே தெரிகின்றது. காண மக்கள் திரள்கின்றனர். அந்த நந்தி தெரியும் ஆண்டுகள் மகிழ்ச்சிக்குரியன அல்ல என்பதை உழவர் அறிவர்.

அணைகளால் விளைந்த நன்மையும் பெரிது. புகைவண்டியில் பெங்களூர் செல்லும்போது மண்டியாவைச் சூழ்ந்த கரும்பு வயல்களை நாம் காண்கின்றோம். கேழ்வரகு விளைந்த மேட்டு நிலம் விசுவேசுவரையா கால்வாயினால் பசுமை பெற்றது. 1933ஆம் ஆண்டில் அங்கே மைசூர் சர்க்கரை ஆலை தோன்றிற்று. தஞ்சைக்கு மேட்டூர் எவ்வாறோ, மண்டியாவுக்குக் கண்ணம்பாடி அவ்வாறு. அங்கும் கடைமடை உண்டு. மத்தூர், மளவள்ளிப் பக்கத்துக் கால்வாய்க் கோடியிலுள்ள உழவர் தம் வயலுக்கு நீர் எட்டவில்லை என்று முறையிடுவர். நாகப்பட்டினத்து உழவரும் அதையே முறையிடுவர்.

அப்படியானால் பகை எங்கே பிறக்கின்றது? நாட்காட்டியில் பிறக்கின்றது என்றே சொல்ல வேண்டும். குடகிலும் மேற்கு மலைத் தொடரிலும் தென்மேற்குப் பருவமழை சூன் முதல் செப்டம்பர் வரை பெய்கின்றது. கண்ணம்பாடி அப்போதுதான் நிரம்ப வேண்டும். தஞ்சையில் குறுவைச் சாகுபடிக்கு மேட்டூரைச் சூன் 12ஆம் நாள் திறப்பது வழக்கம். மண்டியாவிலும் அதே திங்களில் நாற்றங்காலுக்கு நீர் வேண்டும். நல்ல மழை ஆண்டில் மேலேயும் நிரம்பும், கீழேயும் வழியும். பருவமழை மூன்று வாரம் தாமதித்தால், இரு நாட்டு உழவரும் ஒரே வாரத்தில் ஒரே நீரைக் கேட்கின்றனர். தமிழகத்துக்கு வடகிழக்குப் பருவமழை பின்னர் வரும் என்பது கன்னடர் வாதம். அதற்குள் நாற்று கருகிவிடும் என்பது தமிழர் வாதம். இரண்டிலும் உண்மை உண்டு.

நாடு விடுதலை பெற்றபின், 1956ஆம் ஆண்டில் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. கபினி, ஏமாவதி, ஆரங்கி அணைகள் எழுந்தன. இரு மாநிலங்களிலும் பாசனப் பரப்பு வளர்ந்துகொண்டே சென்றது. 1974ஆம் ஆண்டு வந்தபோது, உடன்படிக்கை முடிந்துவிட்டது என்றது கருநாடகம். சில பகுதிகளே மறு ஆய்வுக்கு உரியன என்றது தமிழகம். தஞ்சை உழவர் சங்கமொன்று 1983ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தை அணுகிற்று. 1990ஆம் ஆண்டு சூன் 2ஆம் நாள் நடுவர் மன்றம் அமைந்தது. 1991ஆம் ஆண்டு சூன் 25ஆம் நாள் அம்மன்றம் இடைக்கால ஆணை ஒன்றைப் பிறப்பித்து, ஓராண்டில் 205 டி.எம்.சி. நீர் மேட்டூரை அடைய வேண்டும் என்றது. டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. நொடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு பகலும் ஓர் இரவும் ஓடினால் ஒரு டி.எம்.சி. ஆகும். இச்சிறு கணக்கை நம் பிள்ளைகள் மனத்தில் இருத்திக்கொள்ளுதல் நலம்.

அவ்வாணை அரசிதழில் வெளியானது 1991 டிசம்பரில். அதன்பின் நிகழ்ந்ததை இங்குள்ள மூத்தோர் அறிவர். டிசம்பர் 12, 13ஆம் நாட்களில் பெங்களூரில் தீ எழுந்தது. மைசூரும், மண்டியா, கொள்ளேகால் பக்கத்து ஊர்களும் தப்பவில்லை. கடைகள் சூறையாடப்பட்டன, குடிசைகள் எரிந்தன, உயிர்கள் போயின. பல்லாயிரவர் மூட்டையும் பிள்ளையுமாக எல்லை கடந்தனர். தமிழ்நாட்டிலும் கன்னடம் பேசும் எளியோர் அஞ்சி வாழ நேர்ந்தது.

அன்று அடிபட்டவர் யார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். மேட்டூர் மதகைத் திறக்கும் உரிமை உடையவரா? தஞ்சையில் நூறு வேலி நிலம் உடையவரா? அல்லர். கட்டட வேலைக்குக் கல் சுமந்தவர், தள்ளுவண்டியில் காய் விற்றவர், கன்னட உழவரின் வயலிலேயே கூலிக்கு நாற்று நட்டவர். அவர்களுள் பலர் தம் ஊரில் மழையும் ஆறும் பொய்த்தமையால் பிழைப்புத் தேடி வடக்கே வந்தவர். நீரின்மையால் ஒருமுறை ஊரை இழந்தவர், நீரின் பெயரால் மறுமுறையும் ஊரை இழந்தனர். ஒரு காணி நிலமும் ஒரு குடம் நீர் உரிமையும் இல்லாதவன்மீதே ஆற்று வழக்கின் அடி விழுந்தது. சிற்றூர் மடைச் சண்டையிலாவது, அடித்தவனுக்கும் அடிபட்டவனுக்கும் வயல் இருந்தது. இதில் அதுவும் இல்லை.

அந்நாட்களில் தமிழ்க் குடும்பங்களைத் தம் வீட்டிற்குள் வைத்துக் கதவடைத்துக் காத்த கன்னடத் தாய்மாரும் இருந்தனர். கலவரத்தைப் பேசுவோர் இதனைப் பேசாமல் விடுதல் அறமாகாது.

மேலே கூறிய மூன்றில் அன்று எது குறைந்திருந்தது? ஆணை இருந்தது, தொகையும் இருந்தது. மழை குறைந்தால் குறையை எவ்வாறு பகிர்வது என்பதற்கு இரு தரப்பும் ஒப்பிய கணக்கு இல்லை. இரு தரப்பும் நம்பும் நீர்க்கட்டியும் இல்லை. 1998ஆம் ஆண்டில் தலைமை அமைச்சரின் தலைமையில் காவிரி ஆற்று ஆணையம் அமைந்தது. எனினும் 2002ஆம் ஆண்டு வறட்சியில் மீண்டும் பூசல் முற்றிற்று. அவ்வாண்டு செப்டம்பரில் கபினி நீர்த்தேக்கத்தில் போராட்டத்தினிடையே உழவர் ஒருவர் குதித்து உயிர்நீத்தார். அவர் கன்னட உழவர். தஞ்சையில் பயிர் கருகக் கண்டு துடித்த உழவரினின்றும் அவரை எவ்வாறு பிரித்துப் பார்ப்பது?

அத்துயரம் நடந்த சில திங்களில் ஒரு நற்செயலும் நடந்தது. 2003ஆம் ஆண்டு ஏப்ரலில் இரு மாநில உழவர்களும் சென்னையில் ஒன்றாக அமர்ந்தனர். பின்னர்ப் பெங்களூரிலும் கூடினர். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்துப் பேராசிரியர் சனகராசன் இதற்கு முன்னின்றார். மண்டியா உழவர் தலைவர் புட்டண்ணையாவும், மன்னார்குடி அரங்கநாதனும் ஒரே மேசையில் அமர்ந்தனர். அக்கூட்டத்திற்குக் காவிரிக் குடும்பம் என்று பெயரிட்டனர். ஒருவர் வயலை மற்றவர் சென்று கண்டனர். காய்ந்த வயலைக் கண்ட உழவனுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. அவர்கள் முயற்சி சட்டத் தீர்வாக முடியவில்லை என்பது உண்மை. ஆயினும், பகைமை உழவரிடமிருந்து பிறப்பதன்று என்பதை அது காட்டிற்று.

2007ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள் நடுவர் மன்றம் இறுதித் தீர்ப்பு வழங்கிற்று. ஆற்றின் நீரை 740 டி.எம்.சி. எனக் கணக்கிட்டு, தமிழகத்துக்கு 419, கருநாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுவைக்கு 7 எனப் பங்கிட்டது. 2016ஆம் ஆண்டு மீண்டும் மழை குறைந்தது. செப்டம்பர் 12ஆம் நாள் பெங்களூரில் ஒரே நிறுத்துமிடத்தில் நாற்பதுக்கு மேற்பட்ட பேருந்துகள் எரிந்தன. அதே நாளில் சென்னையில் ஓர் உணவு விடுதி தாக்கப்பட்டது. அதற்கு முன் இரு நாட்களாக, அங்கே ஒருவர் அடிபடும் காட்சியும் இங்கே ஒருவர் அடிபடும் காட்சியும் கைப்பேசிகளில் பறந்துகொண்டிருந்தன. ஆற்று நீர் எல்லையை அடைய நாட்கள் ஆகும். வெறுப்பு ஒரு நொடியில் எல்லை கடந்துவிடுகின்றது.

2018ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பங்குகளைத் திருத்திற்று. தமிழகத்துக்கு 404.25, கருநாடகத்துக்கு 284.75 டி.எம்.சி.; எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. திங்கள்வாரியாக வந்துசேர வேண்டும் என்பது தீர்ப்பு. பெங்களூரின் குடிநீர்த் தேவைக்கென 4.75 டி.எம்.சி. கூடுதலாக ஒதுக்கப்பட்டது. அப்பெங்களூரில் வாழும் இலட்சக்கணக்கான தமிழரும் அந்நீரைப் பருகுவோரே. 2018 சூன் திங்களில் காவிரி நீர் மேலாண்மை ஆணையமும், அதன்கீழ் ஒழுங்காற்றுக் குழுவும் அமைந்தன.

இதன் பயனை விளக்க நம் அலுவலகத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல இசைவு தருக. ஒரு மண்டலத்தின் சரக்குப் பெட்டி மற்றொரு மண்டலத்துக்குள் செல்லும் சந்திப்பில், பெட்டியின் எண், முத்திரை, நிலை, நேரம் ஆகியவற்றைப் பதிந்துகொள்வர். அப்பதிவு இல்லையெனில், மூட்டை குறைந்தபோது "அங்கேயே குறைந்தது" என்று இவர் சொல்வார். "இங்கே வந்தபின் குறைந்தது" என்று அவர் சொல்வார். பொருளுக்குரியவர் இடையில் நின்று அழுவார். பிலிகுண்டுலு அத்தகைய சந்திப்பு. அங்கே மத்திய நீர் ஆணையம் நாள்தோறும் ஆற்றை அளக்கின்றது. அளவு எழுத்தில் இருக்கும்போது, அரசியல் மேடையில் உரத்த குரலில் சொல்லப்படும் சொல்லைச் சரிபார்க்க ஒரு கணக்கு இருக்கின்றது.

2023ஆம் ஆண்டு தென்மேற்குப் பருவமழை குறைந்தது. ஒழுங்காற்றுக் குழு பலமுறை கூடி, நொடிக்கு 5,000 கன அடி வீதம் பதினைந்து நாள் திறக்க வேண்டும் என்பதுபோல் சிறு சிறு ஆணைகளை இட்டது. கருநாடகம் மிகுதி என்றது. தமிழகம் குறைவு என்றது. செப்டம்பர் 26ஆம் நாள் பெங்களூரிலும் 29ஆம் நாள் மாநிலம் முழுவதிலும் கடையடைப்பு நடந்தது. நம் நெஞ்சமும் நடுங்கிற்று. ஆனால் 1991 போன்றோ 2016 போன்றோ தீ எழவில்லை. காவல்துறையின் முன்னேற்பாடும், மக்களின் பொறுமையும் காரணங்கள் ஆகும். பதினைந்து நாளுக்கொருமுறை முறையிட ஓர் இடம் இருந்ததும் ஒரு காரணம் என்றே நாம் கருதுகின்றோம். குறையைப் பகிரும் கணக்கில் இரு மாநிலங்களும் இன்னும் முழுதாக உடன்படவில்லை. அது முடியும்வரை ஒவ்வொரு வறண்ட ஆண்டும் ஒரு சோதனையே.

இனிப் பிள்ளைகளின் வினாவுக்கு வருவோம். நாம் எந்தப் பக்கம்? தஞ்சை வயல் நம் பாட்டன்மார் உழுதது. அதன் உரிமையை நாம் மறக்க இயலாது, மறக்கவும் வேண்டா. நாம் நாள்தோறும் பருகும் நீர் பெலகொளவிலும் ஓங்கள்ளியிலும் காவிரியினின்று எடுக்கப்படுவது. நமக்கு வேலையும் வீடும் தந்தது இம்மண். ஆகவே நாம் சொல்லக்கூடிய நேர்மையான விடை, "நாங்கள் முறைநீரின் பக்கம்" என்பதே. அளந்து கொடுப்பதையும், குறையை இருவரும் சுமப்பதையும் எவர் ஏற்கின்றாரோ அவர் பக்கம். தமிழகம் தன் பங்கில் வீண் செய்தால் அதனையும் குறை கூறுவோம். கருநாடகம் தீர்ப்பை மீறினால் அதனையும் குறை கூறுவோம். இவ்விடை கோழையின் விடை என்று எவரேனும் கருதலாம். கூட்டத்தோடு கூடிக் கூச்சலிடுதல் எளிது. இரு பக்கத்துக் கணக்கையும் அறிந்து பேசுவதற்கே நெஞ்சுரம் வேண்டும்.

சொல்லோடு நில்லாமல் செயலுக்கும் சில கருத்துகளைச் செயற்குழுவின் முன் வைக்கின்றோம்.

முதலாவது, நம் சங்கக் கூடத்தின் வாயிலில் ஒரு கரும்பலகை வைப்போம். சூன் முதல் சனவரி வரை ஞாயிறுதோறும் இரண்டு எண்களை அதில் எழுதுவோம். ஒன்று கண்ணம்பாடியின் நீர்மட்டம். முழு அளவு 124.80 அடி. மற்றொன்று மேட்டூரின் நீர்மட்டம். முழு அளவு 120 அடி. நாளேடுகளில் அவை நாள்தோறும் வருகின்றன. தமிழிலும் கன்னடத்திலும் எழுதுவோம். நம் பிள்ளைகள் எழுதட்டும். எந்த அணை எவ்வளவு காலியாக உள்ளது என்பதை அறிந்த பிள்ளை, "அவர்கள் நீரைப் பதுக்கிவிட்டார்கள்" என்று எவர் சொன்னாலும் உடனே நம்பிவிடாது.

இரண்டாவது, பருவமழைக்கு முன்னர் மே திங்களில், நம் குடியிருப்பைச் சூழ்ந்த கன்னட அன்பர்களை ஆண்டுதோறும் அழைத்து ஒருவேளை உணவருந்துவோம். அவர்களோடு அவர்கள் மொழியிலேயே உரையாடுவோம். சண்டை வந்தபின் அறிமுகம் செய்துகொள்ள நேரம் இராது.

மூன்றாவது, அடிதடிக் காட்சி எதுவும் கைப்பேசியில் வந்தால், அது தமிழன் அடிபடும் காட்சியாயினும் கன்னடன் அடிபடும் காட்சியாயினும், நம் கையோடு நின்றுவிட வேண்டும்.

நான்காவது, நம் வீட்டுக் குழாய். நாம் வழியவிடும் ஒவ்வொரு குடமும் இவ்வழக்கிலுள்ள நீர்தான். வண்டி கழுவவும் வாசல் நனைக்கவும் குடிநீரைக் கொட்டிவிட்டுக் காவிரி உரிமை பேசுதல் நமக்கு அழகன்று.

அன்பர்களே! மைசூரிலிருந்து மாலையில் புறப்பட்டு, சீரங்கப்பட்டணத்தில் காவிரியைக் கடந்து, ஈரோட்டில் மீண்டும் அதனைக் கடந்து, விடியலில் தஞ்சையை அடையும் வண்டி ஒன்று உண்டு. அவ்வண்டியில் ஊருக்குப் போகும் நாமும், வேளாங்கண்ணிக்கும் திருநள்ளாற்றுக்கும் போகும் கன்னட அன்பர்களும் ஒரே பலகையில் அமர்கின்றோம். கொண்டுவந்த சோற்றைப் பகிர்ந்துகொள்கின்றோம். வரும் சூன் திங்களில் மழை எப்படி இருக்கும் என்பது நம் கையில் இல்லை. அம்முதல் ஞாயிறன்று கரும்பலகையில் இரண்டு எண்களையும் எழுதும் பணி நம் கையில் உள்ளது. சுண்ணக்கட்டியும் பலகையும் வாங்கும் செலவை நாமே ஏற்றுக்கொள்கின்றோம். எழுத வரும் பிள்ளைகள் விழா முடிந்ததும் பெயர் கொடுக்கலாம்.